ராக்கெட் பறக்கும் நாளில் வலை காயும் பழவேற்காடு! கடலில் ஒரு காவல், கம்ப்யூட்டரில் ஒரு காவல்

"இன்னிக்குக் கடல் லீவு!"

பழவேற்காடு குப்பங்களில் இப்படி ஒரு பேச்சு எழுந்தால் சின்னப் பிள்ளைக்கும் விஷயம் புரிந்துவிடும். ஸ்ரீஅரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பப் போகிறது என்று அர்த்தம்.

மீன்வளத்துறையில் இருந்து தகவல் வரும். கடலுக்கு யாரும் போகக்கூடாது என்று குப்பம் குப்பமாகச் சொல்லப்படும். லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், அரங்கங்குப்பம், வைரவன் குப்பம் என்று வரிசையாகப் படகுகள் மணலில் ஏறி நிற்கும். என்ஜின் ஓய்ந்து கிடக்கும். வலை காயும்.

அதே நேரத்தில் சென்னையில் இருந்து கார்களிலும் பஸ்களிலும் கூட்டம் வந்து இறங்கும். ராக்கெட் பார்க்க! அவர்களுக்குத் திருவிழா. மீனவர்களுக்கு ஒரு நாள் பிழைப்பு போச்சு.

பழவேற்காடு திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரியைத் தாண்டி இருக்கிறது. நாட்டின் உப்பங்கழி ஏரிகளில் ஒரிசாவின் சில்காவுக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கோட்டை கட்டினார்கள். இன்று கோட்டை இல்லை. டச்சுக் கல்லறைகள் மட்டும் இருக்கின்றன. ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் தீவுதான் ஸ்ரீஅரிகோட்டா. 1971 அக்டோபர் 9-ந் தேதி 'ரோகிணி' என்ற சின்ன ராக்கெட் அங்கிருந்து பறந்தது. 2025 ஜனவரி 29-ந் தேதி ஜி.எஸ்.எல்.வி. எப்-15 கிளம்பியபோது, அது அந்தத் தளத்தின் 100-வது ஏவுதல்!

ஏன் இந்தத் தடை?

"மேலே போற ராக்கெட்டுக்குக் கீழே இருக்கிற நான் என்ன இடைஞ்சல்?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். பதில் கடலுக்கு அடியில் கிடக்கிறது.

2006 ஜூலை 10-ந் தேதி. ஜி.எஸ்.எல்.வி. எப்-02 கிளம்பியது. சிறிது நேரத்திலேயே திசை மாறியது. துண்டு துண்டாகி வங்கக்கடலில் விழுந்தது.

2010 டிசம்பர் 25-ந் தேதி. கிறிஸ்துமஸ் நாள். ஜி.எஸ்.எல்.வி. எப்-06. அதுவும் கட்டுப்பாட்டை இழந்தது. அதை வானத்திலேயே வெடிக்கச் செய்யும்படி தளத்தில் இருந்து கட்டளை போனது. நெருப்புக் கோளமாகக் கடலில் கொட்டியது.

இரண்டு தடவையும் கீழே படகு இருந்திருந்தால்? நினைத்தாலே நெஞ்சு 'திக்' என்கிறது. அதனால்தான் ராக்கெட் தடை மீனவனின் உயிருக்கும் சேர்த்துப் போடப்படுவது என்கிறார்கள் அதிகாரிகள். அதை மறுப்பார் யாரும் இல்லை. ஆனால் அன்றைய அடுப்புக்கு அது பதில் ஆகாது.

ஒரு ஏரி, பல காவல்

இந்தப் பக்கத்துப் பாதுகாப்பு வேலை தலை சுற்றும் வேலை. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்குப் பகுதி தமிழ்நாட்டில். தளம் இருக்கும் இடம் முன்பு நெல்லூர் மாவட்டம்; 2022-ல் இருந்து திருப்பதி மாவட்டம். தளத்துக்குள் காவல் மத்திய தொழில் பாதுகாப்புப் படை. கரையோரக் கடலில் இரண்டு மாநிலங்களின் கடலோரப் போலீஸ். அதைத் தாண்டினால் கடலோரக் காவல் படை. மொத்தத்துக்கும் மேலே கடற்படை.

தெற்கே திரும்பினால் இன்னொரு பட்டியல். காட்டுப்பள்ளி துறைமுகம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, எண்ணூர் காமராஜர் துறைமுகம், அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூரில் 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம். சென்னைக்காரன் வீட்டில் விளக்கு எரிவதும், வடசென்னைக் குழாயில் தண்ணீர் வருவதும் இந்தக் கரையை நம்பித்தான். கட்டுமரம் போன தண்ணீரில் இப்போது இத்தனையும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

தமிழ்நாட்டுக் கடலோரக் காவல்

1993 மார்ச் 12-ந் தேதி பம்பாயில் தொடர் குண்டுவெடிப்பு. 257 பேர் பலி. வெடிமருந்து வந்தது கடல் வழியாக! அதற்கு அடுத்த ஆண்டு, 1994-ல் தமிழ்நாட்டில் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் உருவானது. கூடுதல் டி.ஜி.பி. அந்தஸ்தில் உள்ள அதிகாரி இதற்குத் தலைமை வகிப்பது வழக்கம்.

அப்படியும் 2008 நவம்பர் 26-ந் தேதி நடந்தது நடந்துவிட்டது. கராச்சியில் இருந்து கிளம்பிய 10 பேர், 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்தினார்கள். மீனவர்களைக் கொன்றார்கள். பம்பாய்க் கரையில் ரப்பர் படகில் வந்து இறங்கினார்கள். 166 பேர் உயிர் போனது.

அவர்கள் இறங்கியதை முதலில் பார்த்தவர்கள் யார் தெரியுமா? கொலாபா மீனவக் குடியிருப்பு மக்கள்தான்! "யாருப்பா நீங்க?" என்று கேட்டும் இருக்கிறார்கள். "உன் வேலையைப் பார்" என்ற பதில் வந்திருக்கிறது. சந்தேகம் வந்தது, தடுத்து நிறுத்த ஆள் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் மீனவர்களுக்கு அடையாள அட்டை, படகுகளுக்குப் பதிவு எண், நிறம் எல்லாம் கட்டாயம் ஆயின. 2009-ல் கடல் பாதுகாப்பின் மொத்தப் பொறுப்பும் கடற்படையிடம் தரப்பட்டது. தமிழ்நாட்டில் 1093 என்ற டெலிபோன் நம்பர் வந்தது. கடலில் சந்தேகமாக எதைப் பார்த்தாலும் காசில்லாமல் கூப்பிடலாம்.

'சாகர் கவச்' என்ற ஒத்திகையும் நடக்கிறது. இது ஒரு கள்ளன் - போலீஸ் விளையாட்டு. ஒரு கோஷ்டி தீவிரவாதி வேஷம் போட்டு, மீன்பிடிப் படகில் ஏறி, பொம்மைக் குண்டோடு கரைக்குள் புகப் பார்க்கும். இன்னொரு கோஷ்டி அதைப் பிடிக்க வேண்டும். வேஷக்காரர்கள் கரை ஏறிவிட்டால் அந்த வட்டாரத்து அதிகாரி மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஒத்திகை நாளில் குப்பத்துப் பேச்சு இப்படி இருக்கும்:-

"ஏம்பா, கார்டு எங்கே?"

"வீட்ல இருக்குது சார். தண்ணில நனைஞ்சிடும்னு பொஞ்சாதி எடுத்து வச்சிட்டா."

"நாளைக்கு நடுக்கடல்ல கேட்டா பொஞ்சாதியையா கூப்பிடுவே?"

கோபமும் உண்டு, சிரிப்பும் உண்டு. ஆனால் ஊர்ப் படகு எது, அசல் படகு எது என்று தூரத்தில் வரும்போதே சொல்லக்கூடியவன் மீனவன் ஒருவன்தான். இது போலீசுக்கு நன்றாகத் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத கடல்

இது வரை சொன்னது உப்புத் தண்ணீர்க் கடல். இன்னொரு கடல் இருக்கிறது. அதில் அலை கிடையாது. படகும் கிடையாது. ஆனால் கள்ளன் உண்டு!

இஸ்ரோ மீது தினமும் 100-க்கும் மேற்பட்ட சைபர் தாக்குதல்கள் நடப்பதாக, அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் 2023 அக்டோபரில் கொச்சி மாநாட்டில் சொன்னார். எங்கோ ஒரு நாட்டில், ஒரு அறைக்குள் உட்கார்ந்து ஒருவன் பொத்தானைத் தட்டுகிறான். அவனைத் தடுக்கக் கடலோரப் போலீசால் ஆகாது.

தமிழ்நாட்டுக்கு இந்த அனுபவம் நேரடியாகவே உண்டு. 2019 செப்டம்பர் 4-ந் தேதி, கம்ப்யூட்டர் அவசர நடவடிக்கைக் குழுவான 'செர்ட்-இன்' அணுமின் கழகத்துக்கு ஒரு தகவல் அனுப்பியது. கூடங்குளம் விவகாரம் அது. அக்டோபர் கடைசியில் விஷயம் வெளியே கசிந்தது. "அப்படி எதுவும் இல்லை" என்று அணுமின் நிலையம் மறுத்தது. மறுநாள், அக்டோபர் 30-ந் தேதி, "ஆமாம், கெடுதல் புரோகிராம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது உண்மைதான்" என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டில் இணைத்திருந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் அது இருந்தது, உலையை இயக்கும் அமைப்பு தனியானது, அதைத் தொடவில்லை என்று விளக்கமும் தரப்பட்டது.

முதல் நாள் 'இல்லை', மறுநாள் 'ஆமாம்'. ஜனங்கள் பயந்தது வைரசைப் பார்த்து மட்டும் அல்ல. இந்தப் பேச்சு மாற்றத்தைப் பார்த்தும்தான்.

துறைமுகங்களும் தப்பவில்லை. 2017 ஜூனில் உலகம் முழுக்கப் பரவிய 'நாட்பெட்யா' தாக்குதலில், பம்பாய் அருகே உள்ள ஜவகர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையம் முடங்கியது. கப்பல் வந்து நிற்கிறது. கிரேன் நல்லபடி இருக்கிறது. எந்தப் பெட்டி யாருடையது என்று சொல்ல வேண்டிய கம்ப்யூட்டர் பேச மாட்டேன் என்கிறது! வெளியே லாரிகள் வரிசை கட்டி நின்றன.

அந்த நாற்காலி யாருடையது?

இப்படிப்பட்ட இடங்களைக் காக்க 2014 ஜனவரியில் மத்திய அரசு ஒரு தேசிய மையத்தை அறிவித்தது. மின்சாரம், பாங்கி, டெலிபோன், போக்குவரத்து, அரசு நிர்வாகம் போன்றவற்றில் நின்று போனால் நாடே தத்தளிக்கும் கம்ப்யூட்டர் அமைப்புகள் அதன் பொறுப்பு. இவற்றில் அரசு அறிவிக்கும் 'பாதுகாக்கப்பட்ட அமைப்பு' ஒன்றுக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்தால் 10 ஆண்டு வரை ஜெயில்! 2018-ல் வந்த விதிப்படி அப்படி ஒவ்வொரு அமைப்புக்கும் தகவல் பாதுகாப்புக்கென்று ஒரு தலைமை அதிகாரி இருந்தாக வேண்டும்.

அந்த நாற்காலியில் உட்காருவது சுகமான உத்தியோகம் அல்ல. துப்பாக்கி கிடையாது. சைரன் வைத்த ஜீப் கிடையாது. ஒன்றும் நடக்காவிட்டால் "இந்த ஆபீஸ் எதுக்கு?" என்று கேட்பார்கள். நடந்துவிட்டால் "என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்பார்கள்.

2022 ஏப்ரல் 28-ந் தேதி 'செர்ட்-இன்' போட்ட உத்தரவுப்படி, தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். யார் எப்போது உள்ளே வந்தார், போனார் என்ற பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். 6 மணி நேரம் என்பது கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆனால் ராத்திரி 2 மணிக்கு ஒரு கம்ப்யூட்டர் கோளாறு என்றால், அது வெறும் ரிப்பேரா, எவனாவது உள்ளே புகுந்திருக்கிறானா என்று கண்டுபிடிக்கவே பாதி நேரம் ஓடிவிடும். மெஷினை நிறுத்தினால் உற்பத்தி போச்சு. நிறுத்தாவிட்டால் அடுத்த மெஷினுக்கும் பரவலாம். நிறுத்துவதா, வேண்டாமா? அதைச் சொல்ல வேண்டியவர் அந்த அதிகாரி. வெளியே சொல்லாமல் மூடி வைக்கலாம் என்ற ஆசை மேலிடத்தில் எழும்போது, "சொல்லித்தான் ஆக வேண்டும்" என்று நிற்க வேண்டியவரும் அவரே.

புகும் வழி பெரும்பாலும் அற்பமானது. ஒரு ஈ-மெயில். "உங்கள் சம்பள விவரம் உள்ளே" என்று இருக்கும். ஊழியர் ஆசையாகத் திறப்பார். தூண்டிலில் மீன் மாட்டியது! வேடிக்கை என்னவென்றால், இந்த மோசடிக்கு இங்கிலீஷில் வைத்திருக்கும் பெயரும் மீன்பிடித்தலைப் போலவே ஒலிக்கும் 'பிஷ்ஷிங்'.

பாடு சொல்லும் பாடம்

யாருக்கு எந்த இடத்தில் நுழைய உரிமை என்று பிரித்து வைப்பதுதான் கம்ப்யூட்டர் காவலின் உயிர்நாடி. கணக்குப் பிரிவு ஆள் டர்பைன் பக்கம் போகக்கூடாது. வேலையை விட்டுப் போனவரின் பெயர் அன்றே அடிபட வேண்டும்.

இதைக் கோட்டைக்குப்பத்துப் பெரியவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். பழவேற்காடு ஏரியில் 'பாடு' முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. இறால் பிடிக்க எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்பது முறை வைத்துத் தீர்மானம். தலைக்கட்டுக் கணக்கில் பேர் இல்லாதவன் அங்கே வலை இறக்க முடியாது. மீறினால் பஞ்சாயத்து. பூட்டு இல்லை, பாஸ்வேர்டு இல்லை. ஊர் முழுக்கக் கண் வைத்திருக்கும்.

1093-ம் 1930-ம்

சைபர் காவல் என்றால் பெரிய ஆபீஸ்களுக்கு மட்டும்தான் என்று நினைக்கக் கூடாது. மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் இப்போது பாங்கிக் கணக்கில்தான் விழுகிறது. கூடையில் நண்டு விற்கும் பெண்கள்கூட செல்போனில் பணம் வாங்குகிறார்கள். "பாங்கியில இருந்து பேசறேம்மா, நம்பரைச் சொல்லுங்க" என்று எவனோ கேட்க, சொல்லிவிட்டால் அவ்வளவுதான். பணம் போனது தெரிந்தவுடன் கூப்பிட வேண்டிய நம்பர் 1930. சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதைத் தடுக்க வாய்ப்பு உண்டு.

கடலில் கள்ளன் என்றால் 1093. செல்போனில் கள்ளன் என்றால் 1930. அதே நாலு எண்கள், இடம் மாறி நிற்கின்றன. சுலபமாக ஞாபகம் இருக்கும். சுலபமாகக் குழம்பவும் செய்யும்! ஆகவே இரண்டையும் படகிலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

சாட்டிலைட்டும் சோறும்

2024 ஆகஸ்ட் 30-ந் தேதி மகாராஷ்டிராவின் பால்கர் விழாவில், படகுகளுக்கு 1 லட்சம் 'டிரான்ஸ்பாண்டர்' கருவிகள் தரும் திட்டம் தொடங்கப்பட்டது. இஸ்ரோ தொழில்நுட்பத்தில் ஆன கருவி. நடுக்கடலில் ஆபத்து என்றால் சாட்டிலைட் வழியாகக் கரைக்குச் சேதி போகும். புயல் எச்சரிக்கை படகுக்கு வரும். மீனவனைக் கரையில் நிறுத்தி வைத்துவிட்டுப் பறக்கும் ராக்கெட்டுகள், அவனைக் கடலில் தேடிக் கண்டுபிடிக்கும் சாட்டிலைட்டுகளையும் சுமந்து போகின்றன.

இது குப்பத்துக்குப் புரியாத விஷயம் அல்ல. ராக்கெட் மேலே ஏறும்போது இங்கேயும் கை தட்டத்தான் செய்கிறார்கள். ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது. மீன் இனப்பெருக்கத்துக்காக 61 நாள் தடை போட்டால் நிவாரணம் உண்டு. நாட்டின் பாதுகாப்புக்காகக் கடல் மூடும் நாளுக்கு யார் தருவது? கரையின் 'கண்ணும் காதும்' மீனவர்தான் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். அந்தக் கண்ணும் காதும் அன்றைக்குச் சாப்பிட்டதா என்று கேட்கத் தனி ஆபீஸ் எதுவும் இல்லை.

ராக்கெட் போன பிறகு புகைக்கோடு கொஞ்ச நேரம் வானத்தில் நிற்கும். கார்கள் பொன்னேரிப் பக்கம் திரும்பும். தடை நீங்கியது என்று தகவல் வந்ததும், லைட்ஹவுஸ் குப்பத்தில் நாலைந்து பேர் சேர்ந்து படகைத் தண்ணீருக்குள் தள்ளுவார்கள்.

"கார்டு எடுத்துக்கினியா?"

"ம்... எடுத்துக்கினேன்."

என்ஜின் சத்தம் கேட்கும்.