பாதயாத்திரையில் கூடவே வரும் ஜெனரேட்டர்

புரட்டாசி பிறந்துவிட்டால் திருமலையை நோக்கிச் செல்லும் சாலைகள் எல்லாம் மஞ்சள் வேட்டிகளாலும் கோவிந்த நாமத்தாலும் நிறைந்துவிடும். சென்னைப் பக்கத்து அன்பர்கள் திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் வழியாக வருவார்கள். வேலூர்ப் பக்கத்தவர்கள் சித்தூர் வந்து, எங்கள் ஊர்க் குழுக்களோடு சேர்ந்து பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாக நடப்பார்கள். சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். கால் பழகியவர்களுக்கு இரண்டு நாள். குழந்தை குட்டிகளோடு போனால் மூன்று நாள்.

நடப்பவர்கள் நடக்க, பின்னால் ஒரு வேன் ஊர்ந்து வரும். அந்த வேனின் கொக்கியில் மாட்டிய இழுவை வண்டி ஒன்றும் கூட வரும். அதில் அரிசி மூட்டை, கேஸ் அடுப்பு, தண்ணீர் டிரம், ஜமுக்காளம், பாய் எல்லாம் இருக்கும். ஒரு மூலையில், கயிற்றால் கட்டிய ஜெனரேட்டரும் இருக்கும். இந்தக் கட்டுரை அந்த ஜெனரேட்டரைப் பற்றியது.

இதில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் நினைக்கலாம். சில ஆண்டுகளாக எங்கள் குழுவில் விளக்கு, ஒலிபெருக்கிப் பொறுப்பைப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அரிசி குறைந்தால் வழியில் வாங்கிக்கொள்ளலாம், அடுப்பு கெட்டால் ஓட்டலில் சாப்பிடலாம். ஜெனரேட்டரை வைக்கும் இடம் தவறினால் மட்டும், தூங்கப் போனவர்கள் காலையில் எழுந்திருப்பார்களா என்பதே கேள்வியாகிவிடும்.

பெட்ரோமாக்ஸிலிருந்து ஜெனரேட்டருக்கு

1944-இல் மலைச்சாலை திறக்கப்படும் வரை திருமலைக்கு நடந்தோ டோலியில் ஏறியோதான் போக வேண்டும். இருட்டில் துணை தீவட்டியும் அரிக்கேன் விளக்கும். பிறகு பெட்ரோமாக்ஸ் வந்தது. கல்யாண ஊர்வலத்திலும் சாமி புறப்பாட்டிலும் அதைத் தலையில் சுமந்து வரும் ஆட்களை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். 1980-களில் ஸ்ரீராம் ஹோண்டா, பிர்லா யமஹா என்ற பெயர்களில் கையால் தூக்கக்கூடிய சிறு ஜெனரேட்டர்கள் நம் ஊர்க் கடைகளுக்கு வந்தன. பெட்ரோமாக்ஸ் பரண் ஏறியது.

இன்று இந்தப் பழக்கம் நம் ஊரோடு நிற்கவில்லை. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழும் நம் பிள்ளைகள் விடுமுறை வந்தால் காருக்குப் பின்னால் காரவான் என்னும் வீட்டு வண்டியை மாட்டிக்கொண்டு காடு, மலை, கடற்கரை என்று புறப்பட்டுவிடுகிறார்கள். அவர்களும் கூடவே ஒரு ஜெனரேட்டரைக் கொண்டுபோகிறார்கள். நமக்குக் கோவிந்தா, அவர்களுக்குக் கூடாரம். இயந்திரமும் ஒன்றுதான், அதன் புகையும் ஒன்றுதான்.

எவ்வளவு பெரியது வேண்டும்?

குழுத் தலைவர்கள் பலர் "பெரியதாகவே எடுத்துவிடலாம், பிறகு கஷ்டப்படக்கூடாது" என்று ஐந்து கே.வி.ஏ. டீசல் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கிறார்கள். நூறு கிலோவுக்கு மேல் கனக்கும் அதை ஏற்றி இறக்க நான்கு பேர் வேண்டும். ஒரு காகிதத்தில் கூட்டிப் பார்த்தால் உண்மை விளங்கும். ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கு ஆறு என்றால் 54 வாட். மேஜை மின்விசிறி நான்கு, ஒன்றுக்கு 50 வீதம் 200. கைப்பேசிகள் பதினைந்து, பத்து வாட் வீதம் 150. பஜனைக்குச் சிறிய ஒலிபெருக்கி 100. மொத்தம் 504 வாட். ஒரு கே.வி.ஏ. இயந்திரம் தாராளமாகத் தாங்கும்.

கணக்கைக் கெடுப்பவை மிக்ஸியும் மின்சாரக் கெண்டியும்தான். மிக்ஸி 750 வாட், கெண்டி 1,500 வாட் இழுக்கும். மோட்டார் உள்ள எதுவும் கிளம்பும் நொடியில் தன் வழக்கமான அளவைப்போல் பல மடங்கு மின்சாரம் கேட்கும். சட்டினியை வீட்டிலேயே பொடியாகக் கொண்டுபோய், வெந்நீரைக் கேஸ் அடுப்பில் வைத்துவிட்டால், சிறிய இயந்திரமே போதும்.

சாதாரண ஜெனரேட்டர் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடியே ஆக வேண்டும். நம் நாட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் கணக்கு அது. ஒரு விளக்கு எரிந்தாலும் பத்து விளக்கு எரிந்தாலும் அதே வேகம், அதே இரைச்சல். இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் பாரத்துக்கு ஏற்பத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சத்தமும் குறைவு, எண்ணெயும் மிச்சம். ஒரு கே.வி.ஏ. அளவில் இது பதின்மூன்று கிலோ அளவில் கிடைக்கிறது, ஒருவரே தூக்கிவிடலாம். மேலே சொன்ன பாரத்துக்கு இரவு எட்டு மணி நேரம் ஓட்ட மூன்று, நான்கு லிட்டர் பெட்ரோல் போதும்.

அமெரிக்காவிலிருந்து ஜெனரேட்டர் வாங்கி வரலாமா என்று சில குடும்பங்களில் கேட்கிறார்கள். வேண்டாம். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நம் சாமான்களுக்கு அது ஒத்துவராது.

மலை ஏறினால் இயந்திரத்துக்கும் மூச்சு வாங்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் மூன்றரை விழுக்காடு சக்தி குறையும். சுமார் 850 மீட்டர் உயரத் திருமலையில் பத்து விழுக்காடு போய்விடும். மதனப்பள்ளி பக்கம் ஹார்ஸ்லி மலைக்குக் குடும்பத்தோடு முகாம் போகிறவர்கள் பதினைந்து விழுக்காடு குறைத்தே கணக்கிட வேண்டும்.

வண்டியில் ஏற்றும் முறை

இழுவை வண்டியில் கனமான பொருள் அச்சுக்கு மேலேயோ, சற்று முன்னாலோ இருக்க வேண்டும். பின்பக்கம் பாரம் கூடினால், வேகம் எடுக்கும்போது வண்டி பாம்பு போல நெளியும். முன்னால் போகும் வேனையும் சேர்த்து இழுத்துவிடும். ஜெனரேட்டரைப் பின்கதவில் தொங்கவிடுவது இதனால்தான் ஆகாது. நிமிர்ந்த நிலையில், நான்கு பக்கமும் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். புறப்படும் முன் எண்ணெய்க் குழாயை மூடுங்கள். டாங்கி மூடியில் காற்றுத் திருகு இருந்தால் அதையும் மூடுங்கள்.

பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவருவதைக் கண்டால் எனக்கு வயிறு கலங்கும். குழந்தை தண்ணீர் என்று எடுத்துக் குடித்துவிடாதா? அதற்கென்று உள்ள கேனில், கேஸ் அடுப்புக்குத் தொலைவில், வெயில் படாமல் வையுங்கள். 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டப்படி விற்பனைக்கு அல்லாத பெட்ரோல் 30 லிட்டர் வரை உரிமம் இன்றி வைத்துக்கொள்ளலாம். ஐந்து லிட்டருக்கு மேல் நமக்குத் தேவையே இல்லை. ரயிலில் பெட்ரோல் கொண்டுபோவது குற்றம். ஓடிச் சூடான இயந்திரத்தில் எண்ணெய் ஊற்றக்கூடாது. நிறுத்தி, ஆறவிட்டு ஊற்ற வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத எமன்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை அருகே சாலையோரம் நின்றிருந்த ஒரு காரவான் வண்டிக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். உடலில் காயம் இல்லை. பிறகு கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் ஜெனரேட்டரை ஓட்டிச் சோதித்தார்கள். அதன் புகை தளத்தில் இருந்த துவாரம் வழியாக உள்ளே புகுந்ததும், அதிலிருந்த கார்பன் மோனாக்சைடு நிறைந்ததுமே காரணம் என்று தெரிந்தது.

இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. இரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். அடுத்து சோர்வு, மயக்கம். தூங்குகிறவர்களுக்கு இந்த எச்சரிக்கைகூடக் கிடைக்காது.

பாதயாத்திரையில் இருக்கும் ஆபத்து என்னவென்றால், இந்த அடையாளங்கள் எல்லாம் நடந்த களைப்பு போலவே இருக்கும். ஒரு வருஷம் சந்திரகிரிக்கு இந்தப் பக்கம் இரவு தங்கினோம். மழை பிடித்துக்கொண்டது. ஜெனரேட்டருடன் வந்த பையன், இயந்திரம் நனையாமல் இருக்கட்டும் என்று, பெண்கள் படுத்திருந்த தார்ப்பாய்க் கொட்டகையின் ஓரத்தில் அதை இழுத்து வைத்துவிட்டான். மழைச்சாரலுக்காகத் தார்ப்பாயையும் மூன்று பக்கம் இறக்கிக் கட்டியிருந்தார்கள். சிறிது நேரத்தில் ஒரு பாட்டியம்மா எழுந்து உட்கார்ந்து, "தலை இடிக்குதும்மா, வாந்தி வர மாதிரி இருக்கு" என்றார்.

"பித்தம்தான் பாட்டி, வெயில்ல நடந்தீங்க இல்ல, சுக்குக் கஷாயம் போட்டுத் தரேன்" என்றாள் ஒரு பெண்.

எங்களோடு வந்த ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் மட்டும், "கஷாயம் இருக்கட்டும், ஜெனரேட்டர் எங்கே இருக்கு?" என்று கேட்டார். இயந்திரத்தை நிறுத்தி, எல்லோரையும் எழுப்பி வெளியே கொண்டுவந்தோம். வேறு இரண்டு பேருக்கும் தலைவலி இருந்தது அப்போதுதான் தெரிந்தது. பாட்டியம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்ப் பிராணவாயு கொடுத்தார்கள், தேறிவிட்டார். அந்தக் கேள்வி அரை மணி நேரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே மனம் கூசுகிறது.

கொரோனா காலத்துக்குப் பிறகு பல வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறது. இந்த விஷயத்தில் அதை நம்பவே கூடாது. இந்த விஷவாயு ஏறிய இரத்தத்தையும் அது நல்ல இரத்தமாகவே எண்ணி 98, 99 என்று காட்டிவிடும். ஒருவருக்குத் தலைவலி, குமட்டல் என்றாலே இயந்திரத்தை நிறுத்தி, எல்லோரையும் திறந்த வெளிக்குக் கொண்டுவாருங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். "ஜெனரேட்டர் புகை" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் குழுவின் விதிகள்

அந்த இரவுக்குப் பிறகு எங்கள் குழு சில விதிகளை வைத்துக்கொண்டு நடக்கிறது. ஜெனரேட்டர் ஓடும்போது வேனுக்குள்ளோ, இழுவை வண்டிக்குள்ளோ, கொட்டகைக்குள்ளோ இருக்கக்கூடாது. படுக்கும் இடத்திலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, காற்று நம்மைவிட்டு விலகிப் போகும் பக்கம், புகைக்குழாய் வெளிப்புறம் பார்க்க வைக்க வேண்டும். மழை வந்தால் நான்கு பக்கமும் திறந்த தனிக் கூரை போட வேண்டும்; அதுவும் முடியாவிட்டால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு டார்ச் விளக்கோடு படுத்துக்கொள்ள வேண்டும். கம்பிகள் மூன்று இழை உள்ளதாக இருக்க வேண்டும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்திக்கொள்ள வேண்டும். ஈரக் கையோடு யாரும் தொடக்கூடாது.

பள்ளிக்கூடத்திலோ மண்டபத்திலோ தங்கும்போது கரண்ட் போனால், ஜெனரேட்டர் கம்பியைச் சுவர்ப் பிளக்கில் செருகிக் கட்டிடம் முழுவதும் வெளிச்சம் கொடுக்கும் குறுக்கு வழி ஒன்று உண்டு. அதைச் செய்யவே கூடாது. அந்த மின்சாரம் தெருக் கம்பிக்குத் திரும்பிப் போய், கம்பத்தில் வேலை செய்துகொண்டிருக்கும் லைன்மேனின் உயிரைக் குடித்துவிடும்.

இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கி நின்றுவிட வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளும் அதையே சொல்கின்றன. பக்கத்து ஊர்க்காரரும் தூங்க வேண்டும், நாமும் தூங்க வேண்டும். இப்போதெல்லாம் படுக்கும் முன்பே கைப்பேசிகளுக்கும் சிறு பேட்டரிகளுக்கும் மின்சாரம் ஏற்றிக்கொண்டு, ஜெனரேட்டரையும் நிறுத்திவிடுகிறோம். இரண்டு எல்.இ.டி. விளக்கை விடியும் வரை எரிக்கப் பேட்டரியே போதும். தூங்கும் நேரத்தில் ஓடாத இயந்திரம் யாரையும் கொல்லாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கார்பன் மோனாக்சைடு இருந்தால் கூவி எச்சரிக்கும் சிறு கருவி, வெளிநாடுகளில் பல வீடுகளிலும் காரவான்களிலும் இருக்கிறது. பேட்டரியில் ஓடும், உள்ளங்கை அளவுதான். ஊருக்கு வரும் நம் பிள்ளைகளிடம் சாக்லேட்டும் வாசனைத் திரவியமும் கேட்கிற நாம், இந்தத் தடவை இதில் ஒன்றையும் கேட்கலாமே. நம் சங்கம் இரண்டு, மூன்று கருவிகளை வாங்கி வைத்து, யாத்திரை போகும் குடும்பங்களுக்கு இரவல் கொடுத்தால் இன்னும் நல்லது. படுக்கும் இடத்தில் ஒன்று இருக்கட்டும்.

கோவிந்தன் நம்மைக் காப்பான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இருபது அடி தள்ளி வைப்பது நம் வேலை.