பெயர் பதிவேட்டில் இருக்கிறது, குழந்தை எங்கே?

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் படிப்பு பற்றிப் பேச்சு வந்தால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஸ்கூல்ல சேர்த்துக்கிறாங்களா?" சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தலைமையாசிரியரும் பெயரை எழுதிக்கொண்டார் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு அப்புறம் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தக் குழந்தை தினமும் வகுப்புக்கு வருகிறதா? வந்தால் ஏதாவது கற்றுக்கொள்கிறதா?

எங்கள் தொழிலில் ஒரு ஆப்பை எத்தனை பேர் டவுன்லோடு செய்தார்கள் என்பது ஒரு கணக்கு. எத்தனை பேர் தினமும் திறந்து பயன்படுத்துகிறார்கள் என்பது வேறு கணக்கு. முதல் எண்ணைக் காட்டிக் கைதட்டு வாங்கிவிடலாம், இரண்டாவது எண்தான் உண்மையைச் சொல்லும். பள்ளிக்கும் இது பொருந்தும். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை மனதில் வைத்து இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் வார்த்தைகள்

மூன்று ஏற்பாடுகளை நாம் அடிக்கடி குழப்பிக்கொள்கிறோம். சிறப்புப் பள்ளி என்பது தனிப் பள்ளி. ஒருங்கிணைந்த கல்வி என்றால் குழந்தை சாதாரணப் பள்ளிக்கு வரும், ஆனால் பள்ளி மாறாது, குழந்தைதான் பள்ளிக்கு ஏற்ப மாறிக்கொள்ள வேண்டும். 1974ல் மத்திய அரசு தொடங்கிய திட்டம் ஏறக்குறைய இந்த வகைதான். உள்ளடக்கிய கல்வியில் இது தலைகீழாகிறது. குழந்தைக்கு ஏற்பப் பள்ளி தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும். 1994ல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் நடந்த உலக மாநாடு இதைத்தான் வலியுறுத்தியது.

நம் சட்டமும் அந்த வழியில் வந்துவிட்டது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள். ஆட்டிசம், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகள் எல்லாம் உள்ளே வந்தன. 2017 ஏப்ரல் 19 முதல் இது அமலில் இருக்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கலாம்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது சிக்கல் எங்கே? மூன்று வாசல்களில் என்பது என் கருத்து.

முதல் வாசல்: சாலை

வில்லியனூர் புதுச்சேரி நகருக்கு மேற்கே, விழுப்புரம் போகும் வழியில் இருக்கிறது. பாகூர் தெற்கே, கடலூர் எல்லையை ஒட்டி, ஏரிப் பாசனமும் நெல் வயலுமான பகுதி. இரண்டுமே பல சின்னச் சின்ன கிராமங்கள் சேர்ந்த கொம்யூன்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தின் விதிப்படி ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும். ஓடியாடும் பிள்ளைக்கு 1 கிலோமீட்டர் என்பது கால் மணி நேர நடை. பெருமூளை வாதம் வந்த ஒரு பிள்ளையை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். நாலு வயது வரை அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விடுவார். எட்டு வயதில் அது முடியாது. காலையில் விட வேண்டும், மாலையில் அழைத்து வர வேண்டும், நடுவில் கழிப்பறைக்கு ஒரு முறை போய் உதவ வேண்டும். களையெடுக்கவோ நூறு நாள் வேலைக்கோ போகும் அம்மாவுக்கு அன்றைய கூலி போச்சு. ஆக, பள்ளியா கூலியா என்று ஒரு குடும்பம் தினமும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஆறாம் வகுப்புக்கு வரும்போது பிள்ளையின் எடையும் கூடியிருக்கும், பள்ளியின் தூரமும் கூடியிருக்கும். இதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வராமல் போனால் "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று சொல்வது நியாயமே இல்லை.

இது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. 2016 சட்டத்தின் 16ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குப் போக்குவரத்து வசதி செய்து தர வேண்டும், அதிக உதவி தேவைப்படும் குழந்தைகளின் உதவியாளருக்கும் சேர்த்து என்று அதில் இருக்கிறது. பணக் கணக்கு எப்படி? சமக்ர சிக்ஷா திட்டத்தில் இத்தகைய குழந்தை ஒருவருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். 200 பள்ளி நாட்களால் வகுத்தால் நாளுக்கு 17 ரூபாய் 50 காசு. இது போக்குவரத்துக்கு மட்டுமான பணம் இல்லை. உபகரணம், கற்பித்தல் பொருள் என எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். ஷேர் ஆட்டோவுக்கே பத்தாது.

இரண்டாம் வாசல்: வகுப்பறை

சாய்தளம் கட்டுவது எளிது, போட்டோவிலும் நன்றாக விழும். அதிலும் ஒரு கணக்கு உண்டு. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இரண்டு அடி உயரத் திண்ணைக்கு 24 அடி. இடம் இல்லை என்று எட்டு அடியில் முடித்தால் அது சறுக்குமரம்தான், சக்கர நாற்காலி ஏறாது.

சரி, ஏறி உள்ளே வந்தாச்சு. அங்கே சொல்லிக்கொடுப்பது யார்? ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 28 அன்று தீர்ப்பு சொன்னது. அதன்படி தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர். நகரத்துப் பெரிய பள்ளிக்கு இந்த விகிதம் ஒத்துவரும். கிராமத்துச் சின்னப் பள்ளியில் இரண்டு மூன்று குழந்தைகள்தான் இருப்பார்கள். அப்படியென்றால் பத்துப் பேரைச் சேர்க்க ஒரு ஆசிரியர் நாலைந்து பள்ளிகளுக்குச் சுற்ற வேண்டும். ஒரு பள்ளிக்கு வாரத்தில் ஒரு நாள். மீதி நாலு நாள் அந்தக் குழந்தை வகுப்பாசிரியர் கையில்தான்.

அதனால் உள்ளடக்கிய கல்வி சிறப்பு ஆசிரியரின் தனி வேலை ஆகிவிடக் கூடாது. வகுப்பாசிரியர் செய்யக்கூடிய காசில்லாத மாற்றங்கள் நிறைய இருக்கின்றன. காது மந்தமான பிள்ளை உதட்டைப் பார்த்துத்தான் பாதி புரிந்துகொள்ளும், அதனால் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசக் கூடாது. பார்வை குறைந்த பிள்ளைக்கு முன் பெஞ்சும் பெரிய எழுத்தும் போதும். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அதே பாடத்தில் வேறு இலக்கு வைக்கலாம். மற்றவர்கள் சந்தைக் கணக்கில் லாபம் நட்டம் போடும்போது, இந்தப் பிள்ளை பத்து ரூபாய் நோட்டையும் இருபது ரூபாய் நோட்டையும் பிரித்து எடுக்கட்டும். பாடம் ஒன்றே, இலக்குதான் வேறு. தனிநபர் கல்வித் திட்டம் என்று புத்தகங்கள் பெரிய பேராகச் சொல்வது அடிப்படையில் இதைத்தான்.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. அந்தத் தேர்வில் தகுதியுள்ள மாணவருக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு, சொல்வதை எழுதும் உதவியாளரையும் கேட்கலாம். ஆனால் இதற்குச் சான்றிதழ் வேண்டும். பத்தாம் வகுப்பில் போய்த் தேடினால் தாமதமாகிவிடும்.

மூன்றாம் வாசல்: ஆறு வயதுக்கு முன்

பள்ளி ஆறு வயதில் தொடங்குகிறது. மூளை அதற்கு வெகு முன்னாலேயே வேலையை ஆரம்பித்துவிடுகிறது. தலை நிற்காத குழந்தையை "தானா சரியாயிடும்" என்று இரண்டு மூன்று வருடம் விட்டுவிட்டால், உட்காரவும் பென்சில் பிடிக்கவும் பழக்க வேண்டிய நல்ல காலம் போய்விடும். 2013ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வந்து பார்க்க வேண்டும். அது கண்டுபிடிப்பதற்கு. கண்டுபிடித்த பிறகு வாரா வாரம் பயிற்சி தருவது யார்?

இதற்குத் தமிழ்நாட்டில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. எஸ்.ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975 ஜனவரியில் கடற்படை அதிகாரி தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவர் 1981ல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1981 ஐ.நா. அறிவித்த சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டும்கூட. குழந்தையை மையத்துக்கு வரச் சொல்வதோடு நில்லாமல், பயிற்சி பெற்ற கிராமப் பணியாளரை வீட்டுக்கே அனுப்புவது அவர்கள் வழி. அந்தப் பணியாளர் அம்மாவுக்குச் சொல்லித் தருவார், முன்னேற்றத்தை ஒரு ஆப்பில் பதிவார், நிபுணர் அதைத் தூரத்திலிருந்தே பார்த்து ஆலோசனை சொல்வார். டெக்னாலஜி இங்கே பின்பாட்டுதான், கதவைத் தட்டும் ஆள்தான் முதன்மை.

புதுச்சேரியில் 2003ல் சித்ரா ஷா தொடங்கிய சத்யா சிறப்புப் பள்ளியும் நகரத்தோடு நிற்காமல் கிராமப்புறங்களுக்குப் போய், சிறு வயதிலேயே சிகிச்சை தருவதில் கவனம் வைத்திருக்கிறது. சிறப்புப் பள்ளி என்றாலே உள்ளடக்கிய கல்விக்கு எதிரி என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பேசவும் உட்காரவும் பழகிய பிள்ளைதான் சாதாரண வகுப்பில் நிலைக்கும். அந்தப் பழக்கத்தைத் தரும் ஆட்கள் சிறப்புப் பள்ளிகளில்தான் இருக்கிறார்கள். அவர்களை வகுப்பறைக்கும் வீட்டுக்கும் வரவழைப்பதுதான் இனிச் செய்ய வேண்டியது.

எல்லைக்கோடு

புதுச்சேரிக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். இங்கே யூனியன் பிரதேச கிராமமும் தமிழ்நாட்டு கிராமமும் மாறி மாறி வரும். கல்யாணம் ஆகி எல்லை தாண்டி வருகிறவர்கள், பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகள் நிறைய. "இது அந்த ஊர் சர்டிபிகேட், இங்க செல்லாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 58ஆம் பிரிவுப்படி முறையாகக் கொடுத்த ஊனச் சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும். யுடிஐடி அட்டையும் அப்படியே. உதவித்தொகை மட்டும் அந்தந்த அரசின் விதி, அதற்குக் குடியிருப்புச் சான்று கேட்பார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நம்மால் என்ன முடியும்?

உங்கள் ஊர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அடுத்த முறை போனால், "எத்தனை பேரைச் சேர்த்தீங்க?" என்பதோடு நிறுத்தாதீர்கள். இந்த நாலையும் கேளுங்கள்.

1. அந்தப் பிள்ளைகள் போன மாதம் எத்தனை நாள் வந்தார்கள்?
2. வராத நாட்களில் காரணம் என்ன, வண்டியா, உடம்பா, கழிப்பறையா?
3. சிறப்பு ஆசிரியர் எந்தக் கிழமை வருகிறார், அவர் வராத நாளில் வகுப்பாசிரியர் என்ன செய்கிறார்?
4. சான்றிதழ் இல்லாத பிள்ளை யாராவது இருக்கிறார்களா?

பதில் வரவில்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு கொடுக்கலாம், சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால் பல நேரம் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. வருகைப் பதிவேட்டில் வரிசையாக "வரவில்லை" என்று விழுந்திருக்கும் ஒரு பெயரைப் பார்த்து, "இந்தப் பிள்ளை வீடு எது?" என்று யாராவது ஒருவர் கேட்டாலே பாதி வேலை ஆரம்பித்துவிடும்.