வெள்ளவத்தையின் வானமும் கொட்டாஞ்சேனையின் வெள்ளமும்

காலை வானொலியில் வாசிக்கப்படும் வானிலை அறிக்கை கொழும்பு மாநகரை மேல் மாகாணம் என்ற இரு சொற்களுள் அடக்கிவிடுகிறது; ஆயினும் வெள்ளவத்தையில் குடியிருப்போர்க்கு அபாயம் சமுத்திரத்திலிருந்து வருவதையும், கொட்டாஞ்சேனையை அடுத்த தாழ்நிலங்களில் வாழ்வோர்க்கு அது மலைநாட்டிலிருந்து இறங்கி வருவதையும் மனத்திற் கொண்டு கேட்பவருக்கே அவ்வறிக்கை பூரணமாகப் பயன்படும்.

மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்று, யாழ்ப்பாணத்தார் சோளகம் என்று அழைக்கும் அதே காற்று, வலுத்தபின் வெள்ளவத்தைப் புகையிரதப் பாதையோரக் கற்களில் அலை மோதிச் சிதறும்போது எழும் நுண்ணிய திவலைகள் மாடிவீடுகளின் யன்னற் கம்பிகளில் படிகின்றன. விரலால் தொட்டு நாவில் வைத்தால் கரிக்கும். ஈரத்தை உறிஞ்சும் அந்த உப்பே சில வருஷங்களில் இரும்பைத் தின்றுவிடுகிறது. சூரியன் கொழும்பின் உச்சிக்கு நேராக வரும் ஏப்ரில் 7ஆந் திகதியை ஒட்டிய நாட்களிலோ, காற்றில் நீராவி நிறைந்திருப்பதால் வியர்வை உலர்வதில்லை. உஷ்ணமானி 32 பாகை காட்டினாலும் தேகம் அதனிலும் கூடிய வெப்பத்தால் வருந்துகிறது.

ஏப்ரிலிலும், பின்னர் ஒக்டோபர், நவம்பரிலும், பகலில் கடற்காற்று கொண்டுசென்ற ஈரம் உள்நாட்டில் மேலெழுந்து கருமேகமாகி, மாலையில் இடிமின்னலுடன் பொழிவதுண்டு. மின்னலைக் கண்டபின் இடி கேட்க மூன்று விநாடி சென்றால் அது ஒரு கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது என்று கணக்கிடலாம். முப்பது விநாடிக்குள் கேட்டால் கடற்கரையை விட்டு வீட்டுக்குள் வந்துவிடுவதே விவேகம்.

1992 ஜூன் 4ஆந் திகதி கொழும்பில் ஒரே நாளில் 493.7 மில்லிமீற்றர் மழை பெய்தது. இது ஓராண்டு மழையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு. பத்துச் சதுர மீற்றர் முற்றமொன்றில் ஏறக்குறைய ஐயாயிரம் லீற்றர் ஜலம்! ஆனால் களனி கங்கையோரத்து மக்களை அச்சுறுத்துவது தம் தலைமேற் பெய்யும் மழை மட்டும் அன்று. பருவக்காற்று மலைச்சாரலில் மோதி மேலெழுந்து குளிர்ந்து கொட்டும் மழை, சிவனொளிபாத மலைப் பிரதேசத்திலிருந்து 145 கிலோமீற்றர் ஓடிவரும் அந்த ஆற்றில் சேர, கொழும்பில் வெயில் அடிக்கும் வேளையிலேயே கொட்டாஞ்சேனையை அடுத்த கிராண்ட்பாஸ் பகுதியின் நாகலகம் வீதி அளவுகோலில் நீர்மட்டம் உயரத் தொடங்கும். அங்கே 5 அடி சிறுவெள்ளம், 7 அடி பெருவெள்ளம். 2016 மே மாதத்தில் நீர் அந்த 7 அடியையும் கடந்தது.

ஆறு அவ்வாறு உயர்கையில் அது நகரத்துக்குள் புகாதபடி வடபுறத்துக் கால்வாய்க் கதவுகள் அடைக்கப்பட, நகரின் மழைநீரிற் பெரும்பகுதி தெற்கே திரும்பி வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்கள் வழியாகவே கடலை அடையவேண்டியிருக்கிறது; அங்கேயோ அலை குவித்த மணல் கால்வாயின் வாயை அடைத்துக்கொள்வதுண்டு. இவ்விரு வாயில்களுக்கும் இடையில் நீரைத் தாங்கி நிற்பவை நகரின் கிழக்கிலுள்ள சதுப்பு நிலங்கள். அவற்றின் பொருட்டே 2018இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. அவற்றை மண்ணிட்டு நிரப்புவது பெரும் தவறு.

களனிக் கரையில் வாழும் அன்பர்கள் இனிக் கொழும்பு மழையுடன் நோர்ட்டன் பிரிட்ஜ், கித்துல்கலப் பகுதிகளின் மழையளவையும் கேட்டறிவார்களாக. வெள்ளவத்தை அன்பர்கள் தம் கால்வாயில் குப்பை கொட்டாதிருப்பார்களாக.