சட்டம் நுழையாத வீடு

பொழுது விடியுமுன்பே கரிசல் கிராமங்களில் பஸ் ஹாரன் கேட்கும். தூக்கம் கலையாத பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு ஓடிவந்து ஏறுவார்கள். பஸ் அவர்களைக் கொண்டுபோய் இறக்குவது சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துத் தீப்பெட்டி ஆபீசுகளில். 1980-களில் அன்றாடம் நடந்தது இது.

உள்ளே, கட்டையின் காடிகளில் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். ஒரு குச்சி துருத்திக்கொண்டு நின்றாலும் மருந்து முக்கும்போது கெட்டுப்போகும். அடுக்கிய கட்டைக் கணக்குக்குத்தான் கூலி. குனிந்த தலை நிமிராது. இவர்களில் பெண் பிள்ளைகளே அதிகம். வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்தால் பெற்றோர் முன்பணம் வாங்குவார்கள். பிள்ளையின் விரல்கள் அதைக் கழிக்கும்.

தடுக்கச் சட்டம் இல்லாமலா இருந்தது? தீப்பெட்டி, பட்டாசுப் பட்டறைகளில் சிறுவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1938-ல், சட்டம் வந்துவிட்டது. அரை நூற்றாண்டு கழித்தும் பஸ் ஓடியது. காலம் மாறினால் பிள்ளைகளின் நிலையும் தானாக மாறிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த அரை நூற்றாண்டை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மாற்றம் வந்தது பல பக்க நெருக்கடியால். 1982-ல் எம்.ஜி.ஆர். அரசு விரிவாக்கிய சத்துணவு ஒருவேளைச் சோற்றைப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்தது. 1986-ல் புதிய சட்டம் வந்தது. வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடர்ந்த சிவகாசி வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. இயந்திரங்களும் வந்தன. பிள்ளைகளை ஏற்றிப்போன அந்தப் பஸ்கள் நின்றன. இது உண்மையான முன்னேற்றம். அதைக் குறைத்துப் பேசுவது தவறு.

ஆனால் 1938 சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது: குடும்பத்தாரை வைத்து நடத்தும் பட்டறைக்கு விலக்கு. 1986 சட்டமும் அதை விட்டுவைத்தது. 2016 திருத்தம் 14 வயதுக்குக் கீழே எல்லா வேலையையும் தடை செய்துவிட்டு, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் 'உதவலாம்' என்றது. வெடிபொருள் போன்ற ஆபத்தான வேலைகளுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை பிள்ளைகள் இப்படி உதவக் கூடாது என்கின்றன 2017 விதிகள். ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுத் தொழிலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை எந்த ஆய்வாளர் கதவைத் தட்டிப் பார்க்கப் போகிறார்? பார்த்தாலும், அது வேலையா உதவியா என்று எப்படி நிரூபிப்பார்? அந்த விலக்கையே சட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். எண்பது ஆண்டுகளுக்கு மேல் அது யாருக்கு உதவியிருக்கிறது என்பது சிவகாசிப் பக்கம் கட்டை அடுக்கி வளர்ந்த பெண்களுக்குத் தெரியும்.