கடிதம் காணாத தபால்தலைகள்

விழுப்புரம் சந்திப்பிலிருந்து கிழக்கே பிரிந்து வில்லியனூர் வழியாகப் புதுச்சேரியை அடையும் இருப்புப்பாதை 1879-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபோது, ஏறத்தாழ 38 கிலோமீட்டர் நீளமே உள்ள அந்தப் பாதை இரண்டு பேரரசுகளின் அஞ்சல் ஆட்சிகளுக்கு நடுவே ஓடும் பாதையாகவும் அமைந்தது. மேற்கே இருந்த விழுப்புரமும், சென்னை செல்லும் பாதையில் அதற்கு வடக்கே உள்ள திண்டிவனமும் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து ஊர்கள் என்பதால், அங்கிருந்து புறப்பட்ட கடிதங்களில் பிரிட்டிஷ் அரசரின் அல்லது அரசியின் தலையுருவம் பொறித்த, அணாக் கணக்கில் விலை குறித்த தபால்தலைகள் ஒட்டப்பட்டன; கிழக்கு முனையிலோ சென்டிமிலும் பிராங்கிலும் விலை குறித்த பிரெஞ்சுத் தபால்தலைகள் விற்பனையாயின. இடைப்பட்ட நிலப்பகுதியில் பிரெஞ்சு ஊர்களும் ஆங்கிலேயர் ஊர்களும் பாயில் கோரைபோல மாறி மாறிப் பின்னிக் கிடந்தன. பிரெஞ்சிந்தியா எனப்பட்ட ஐந்து ஆட்சிப்பகுதிகளான புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய அனைத்தையும் சேர்த்தாலும் பரப்பு சுமார் 500 சதுர கிலோமீட்டர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்கள்தொகை 3 லட்சத்துக்கும் குறைவு. இவ்வளவு சிறிய நிலத்துக்கென்று ஆண்டுதோறும் அச்சான தபால்தலைகளின் வகைகளைப் பார்க்கும்போது, அவற்றுக்கு முதன்மையான வாடிக்கையாளர் கடிதம் எழுதிய குடிமகனா, பாரிஸிலும் லண்டனிலும் கடை வைத்திருந்த தபால்தலை வணிகரா என்ற ஐயம் எழுவது இயல்பு.

அந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள, தபால்தலை வணிகம் என்ற தொழில் எவ்வாறு உருவாயிற்று என்பதை முதலில் அறிய வேண்டும். 1840-இல் இங்கிலாந்தில் முதல் தபால்தலை வெளியான பதினாறே ஆண்டுகளில், பிளிமத் துறைமுக நகரத்தில் தம் தந்தையின் மருந்துக்கடையில் ஒரு பகுதியை ஒதுக்கிக்கொண்டு தபால்தலை விற்கத் தொடங்கியவர் ஸ்டான்லி கிப்பன்ஸ். கப்பல்கள் வந்து தங்கும் ஊர் என்பதால் மாலுமிகள் தொலைநாட்டுத் தபால்தலைகளைக் கொண்டுவந்து தந்தனர். நன்னம்பிக்கை முனைநாட்டின் முக்கோணத் தலைகள் நிறைந்த ஒரு பையை 1863-இல் இரண்டு மாலுமிகளிடமிருந்து அவர் 5 பவுனுக்கு வாங்கினார் என்ற செய்தி இத்தொழிலின் தலபுராணமாகவே நிலைத்துவிட்டது. 1874-இல் லண்டனுக்கு இடம்பெயர்ந்த அந்நிறுவனத்தை 1890-இல் சார்லஸ் பிலிப்ஸ் 25,000 பவுன் கொடுத்து வாங்கினார் என்பதும், 1914-இல் அதற்கு அரச முகவர் என்னும் சிறப்புரிமை கிடைத்தது என்பதும், பள்ளிச் சிறுவர் பொழுதுபோக்கு என்று கருதப்பட்ட ஒன்று சில பத்தாண்டுகளுக்குள் எத்தகைய முதலீட்டுத் தொழிலாக வளர்ந்திருந்தது என்பதைக் காட்டும். அப்போதைய அரசர் ஐந்தாம் ஜார்ஜே தீவிரச் சேகரிப்பாளர் என்பதையும் இங்கே நினைவிற்கொள்ளலாம்.

இத்தொழிலின் நடைமுறை எளிமையானது. விலை குறைந்த தலைகளை நூறு, ஐந்நூறு என்று பொட்டலமாகக் கட்டி விற்பது அடிமட்டம். அதற்கு மேல் ‘அப்ரூவல்’ என்னும் பார்வைக்கு அனுப்பும் முறை: சிறு ஏடுகளில் தலைகளை ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் விலையெழுதி வணிகர் தபாலில் அனுப்புவார், வாடிக்கையாளர் வேண்டியவற்றை எடுத்துக்கொண்டு, எஞ்சியவற்றையும் உரிய தொகையையும் திருப்பியனுப்புவார். முன்பின் அறியாத இருவருக்கிடையே முற்றிலும் நம்பிக்கையின் பேரில் நடந்த வணிகம் இது. மூன்றாவதாகப் புதுவெளியீட்டுச் சந்தா, அதாவது ஒரு நாடு புதிய தபால்தலை வெளியிடும்போதெல்லாம் கேட்காமலேயே சந்தாதாரருக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடு. இவை அனைத்துக்கும் அடிப்படையாக இருந்தது கேட்லாக் எனப்படும் விலைப்பட்டியல். உலகின் எல்லாத் தபால்தலைகளையும் நாடுவாரியாகவும் ஆண்டுவாரியாகவும் எண்ணிட்டு, ஒவ்வொன்றுக்கும் முத்திரை விழாத நிலையில் ஒரு விலையும் விழுந்த நிலையில் ஒரு விலையும் குறிக்கும் அந்நூலை எழுதியவர்கள் பெரும்பாலும் அவற்றை விற்றவர்களே. தராசும் படிக்கல்லும் சரக்கும் ஒருவர் கையிலேயே இருந்த இந்த நிலையைச் சேகரிப்பாளர்கள் பெரிதாகக் குறை சொல்லவில்லை என்பது வியப்புக்குரியது. பட்டியலில் எண் பெற்றதே தபால்தலை, எண் பெறாதது வெறும் தாள் என்றே அவர்கள் ஏற்றுக்கொண்டனர்.

பிரெஞ்சு மொழியுலகில் அத்தகைய பட்டியல், ஆமியான் நகரத்து அச்சகத்தார் இவேரும் தெல்லியேவும் 1896-இல் தொடங்கியது. பின்னர் பல பத்தாண்டுகள் அப்பட்டியலின் அட்டையில் அவ்விருவர் பெயரோடு மூன்றாவதாக இடம்பெற்றிருந்த ஷாம்பியோன் என்னும் பெயர் பாரிஸ் வணிகர் ஒருவருடையது. 1873-இல் ஜெனீவாவில் பிறந்த தியோடோர் ஷாம்பியோன், இளமையில் மிதிவண்டிப் பந்தய வீரராக இருந்து, பிறகு பாரிஸில் ட்ரூவோ தெரு 13-ஆம் எண் கட்டடத்தில் நடத்திய கடை, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகின் மிகப் பெரிய தபால்தலைக் கிடங்குகளுள் ஒன்றாக விளங்கியது. புதுவெளியீடுகளை மொத்தமாக வாங்கிப் பிற நாட்டு வணிகர்களுக்கும் விநியோகித்த அவருக்குப் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளின் தபால்தலைகள் கைக்கெட்டிய தொலைவிலேயே கிடைத்தன. ஏனெனில் அவை அச்சானதே பிரான்சில், அவற்றைச் சேகரிப்பாளருக்கும் வணிகருக்கும் முகமதிப்பிலேயே விற்க ஓர் அரசு முகமையும் பாரிஸிலேயே இயங்கியது. புதுச்சேரிக்குக் கப்பலேறாமலேயே, ஒரு கடிதத்தையும் காணாமலேயே, புதுச்சேரித் தபால்தலை ஆல்பத்துக்குள் சென்று சேர முடிந்தது இவ்வாறுதான்.

1892-இல் பிரெஞ்சிந்தியாவுக்கென்று முதன்முதலாகத் தனித் தபால்தலைகள் வந்தபோதே இந்தப் போக்கு வெளிப்பட்டது. கடலோட்டத்தையும் வணிகத்தையும் உருவகப்படுத்திய ஒரே சித்திரத்தைப் பல குடியேற்ற நாடுகளுக்கும் பொதுவாக அச்சிட்டு, அடியில் இருந்த சிறு பட்டையில் மட்டும் அந்தந்த நாட்டின் பெயரை வேறு நிறத்தில் பொறித்தனர். அரசுக்கு இது சிக்கனம். சேகரிப்பாளருக்கோ ஒவ்வொரு நாட்டுப் பெயரும் ஒரு புதிய தொடர். 1914-இல்தான் புதுச்சேரி தன் சொந்த முகத்தைப் பெற்றது. குறைந்த விலைத் தலைகளில் பிரம்மாவின் உருவமும், கூடுதல் விலைத் தலைகளில் புதுச்சேரிக்கு அருகே உள்ள காளி கோயில் என்று பட்டியல்கள் குறிக்கும் கோபுரக் காட்சியும் இடம்பெற்றன. கோயில்கள் மலிந்த தொண்டைநாட்டிலும் நடுநாட்டிலும் பிரம்மாவுக்குத் தனிக்கோயில் காண்பது அரிது என்பதை அறிந்தவர்களுக்கு, நான்முகனே கடிதத்தின் மூலையில் வந்து அமர்ந்தது சற்றே வேடிக்கையாகத் தோன்றும்.

வணிகரின் கண் இந்த முறையான வெளியீடுகளைவிட மேலச்சுகளையே நாடியது. மேலச்சு என்பது, ஏற்கெனவே அச்சான தபால்தலையின் மீது புதிய விலையையோ சொல்லையோ மறுபடி அச்சிடுவது. 1903-இல் சிறு மதிப்புத் தலைகளுக்குப் பதிலாக 25 சென்டிம் தலைகளின் மீது 5, 10, 15 என்றும், 50 சென்டிம் தலையின் மீது 40 என்றும் மேலச்சிட்டனர். வருவாய்த் தலை ஒன்றைக்கூட இரண்டாகப் பிளந்து 5 சென்டிம் அஞ்சல் தலையாக்கினர். 1915-இல் உலகப்போரின் நடுவே 10 சென்டிம் தலையில் செஞ்சிலுவையும் 5 சென்டிம் நன்கொடைத் தொகையும் பல்வேறு அச்சு வடிவங்களில் ஏறின. அவசரத்தில் கையால் கோத்த அச்சு என்பதால் எழுத்து மாறும், இடைவெளி பிசகும், சில தாள்களில் மேலச்சு தலைகீழாகவும் விழும். அச்சுக்கோப்பவரின் ஒவ்வொரு பிழையும் பாரிஸில் ஒரு விலையாயிற்று. விலை இருக்கும் இடத்தில் போலியும் முளைக்கும். ஜெனீவாவில் பிரான்சுவா ஃபூர்னியே என்பவர் 1904 முதல் 1917-இல் இறக்கும்வரை போலித் தபால்தலைகளையும் மேலச்சுகளையும் ‘நகல்கள்’ என்று வெளிப்படையாகவே விலைப்பட்டியல் போட்டு விற்றுவந்தார். பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளின் மேலச்சுகள் அவருடைய சரக்கில் பெரும்பகுதி. ஏழைச் சேகரிப்பாளனுக்கு உதவுவதாக அவர் கூறிக்கொண்டாலும், வாங்கியவர்கள் அவற்றை அசலென்று மறுவிற்பனை செய்வதைத் தடுக்க யாராலும் இயலவில்லை. எஞ்சிய சரக்கை ஜெனீவாச் சேகரிப்பாளர் சங்கம் விலைக்கு வாங்கி, 1928-இல் போலியை அடையாளம் காணும் பாடநூலாக 480 ஆல்பங்களில் ஒட்டி வெளியிட்டுவிட்டு மீதியை அழித்தது.

போருக்குப் பின் பிராங்கின் மதிப்பு சரிந்ததையடுத்து, மக்கள் ரூபாயில் புழங்கிய புதுச்சேரியில் தபால்தலைக் கணக்கும் 1923-இல் மாற்றப்பட்டது. பிரம்மாவின் மீதும் கோபுரத்தின் மீதும் ‘காஷ்’, ‘ஃபனோன்’, ‘ரூப்பி’ என்ற சொற்கள் மேலச்சாயின: 24 காஷ் ஒரு ஃபனோன், 8 ஃபனோன் ஒரு ரூபாய். பிரெஞ்சு நாவில் உருமாறியிருந்த காஷும் ஃபனோனும் தமிழின் காசும் பணமுமே.

இந்தியப் பக்கத்திலும் இந்தச் சேகரிப்புக் கலை வேர் பிடித்திருந்தது. இந்திய அஞ்சல்தலையியல் சங்கம் 1897-இல் தோன்றி, அதே ஆண்டில் தன் இதழையும் தொடங்கியது. 1877 முதல் நடைமுறையிலிருந்த வி.பி.பி. முறையில் பொருளைப் பெறும்போதே அஞ்சல்காரரிடம் பணம் கட்டிவிட முடிந்தது. 1898-இன் இறுதியிலிருந்து இலகுவான கடிதம் ஒன்றை ஒரே அணாவுக்கு இங்கிலாந்துக்கு அனுப்பவும் முடிந்தது. ஆகவே இவ்வணிகத்துக்குக் கடைத்தெரு தேவைப்படவில்லை. திண்டிவனம் அஞ்சலகமே லண்டன் கடையின் வாசற்படியாக இருக்கப் போதுமானது.

மாறாக, புதுச்சேரிக்குள்ளேயே பிரெஞ்சுத் தபால்தலைக்கு இருந்த தேவை குறுகியது. பிரெஞ்சு ஆட்சிப்பகுதிக்குள் பிரிட்டிஷ் இந்திய அஞ்சலகங்களும் இயங்கியதால், பிரிட்டிஷ் இந்திய ஊர்களுக்குச் செல்லும் கடிதங்கள் அவற்றின் வழியாக இந்தியத் தபால்தலையோடு சென்றன. 1908-இல் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்த பாரதி முதலிய சுதேசிகளின் அஞ்சல் ஆங்கிலேயக் காவல்துறையின் கண்காணிப்புக்கு எளிதில் உட்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். உள்ளூர்க் கடிதங்களும் பிரான்சுக்கும் அதன் பிற குடியேற்ற நாடுகளுக்கும் சென்ற கடிதங்களுமே பெரும்பாலும் பிரம்மாவைச் சுமந்தன. அவற்றுள் வணிகக் கடிதங்களுக்குத் தனியிடம் உண்டு. தென்னார்க்காட்டு மக்கள் மணிலா என்று வழங்கும் நிலக்கடலை விழுப்புரம் வழியாகப் புதுச்சேரிக்கு வந்து மார்சேய் எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. அந்த ஏற்றுமதியோடு விலை கேட்டும் சரக்கு அறிவித்தும் எழுதிய உறைகளும் சென்றன.

அன்றைய சேகரிப்பாளருக்கு உறையில் அக்கறையில்லை. தபால்தலையை வெட்டியெடுத்து, நீரில் ஊறவைத்துப் பிரித்து, கிலோக் கணக்கில் வணிகருக்கு விற்பதே வழக்கமாக இருந்ததால், முகவரியும் நாளும் வழியும் பொறித்த உறைகளும் அவற்றுள் இருந்த மணிலா விலையும் குப்பைக்குப் போயின. 1954 ஆகஸ்டில் ஷாம்பியோன் இறந்தார். அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் புதுச்சேரி ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்ததும் பிரெஞ்சிந்தியத் தபால்தலைகளின் காலம் முடிந்தது. முத்திரை படாத தலைகள் இன்றும் ஐரோப்பியக் கடைகளில் சில யூரோவுக்குக் கிடைக்கின்றன. இப்போது ஏலங்களில் சேகரிப்பாளர்கள் போட்டியிட்டுத் தேடுவது, மார்சேய் வணிகர் ஒருவரின் முகவரியோடு, ஓரம் கிழிந்து, பிரம்மாவின் மீது புதுச்சேரி முத்திரை விழுந்த உறையை.