பெயரை மறைத்த லூகர்

பழைய ஜெர்மன் ராணுவக் கைத்துப்பாக்கியான லூகர் கையில் கிடைத்தால், உள்ளே தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, முதலில் அதன் முதுகைப் பாருங்கள். சுடும்போது முழங்கால்போல மடங்கி எழும் ஒரு மூட்டு அங்கே இருக்கிறது. தொழிற்சாலையின் முத்திரை அதன் மேல்தான்.

ஒன்றோடொன்று பின்னிய 'டி.டபிள்யூ.எம்.' எழுத்துகள் என்றால் பெர்லின் ஆலை. கிரீடமும் அதன் கீழ் 'எர்ஃபுர்ட்' என்ற ஊர்ப் பெயரும் இருந்தால் அரசுப் படைக்கலச் சாலை. எர்ஃபுர்ட் சோதனையாளர்கள் சின்னஞ்சிறு பாகங்களில்கூடத் தங்கள் முத்திரையைக் குத்தினார்கள்.

தோட்டா அமரும் அறையின் மேல்புறத்தில் தயாரித்த ஆண்டு இருக்கும். சிலவற்றில் பழைய ஆண்டோடு '1920' என்றும் இருக்கும். முதல் உலகப் போருக்குப் பின் சுருங்கிய ராணுவம், தன் உடைமை என்று காட்டக் குத்திய எண் அது.

1934-ல் வந்த லூகர்களில் இந்த வெளிப்படைத்தன்மை இல்லை. 1919-ன் வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியின் ஆயுத உற்பத்தியைக் கட்டிப்போட்டிருந்தது. ஓபர்ன்டார்ஃப் ஊரின் மவுசர் ஆலை தன் பெயருக்குப் பதில் 'எஸ்/42' என்று பொறித்தது. ஆண்டுக்கும் திரை போட்டார்கள்: 'கே' என்றால் 1934, 'ஜி' என்றால் 1935. 1935 மார்ச்சில் ஹிட்லர் ஒப்பந்தத்தை வெளிப்படையாகவே உதறினார். 1936 முதல் ஆண்டு எண்ணிலேயே வந்தது. ஆலையின் பெயர் மட்டும் ராணுவ லூகரில் திரும்பவில்லை. 'எஸ்/42' பின்னர் '42' ஆகி, 1941-ல் 'பி ஒய் எஃப்' ஆயிற்று.

வரிசை எண்ணை மட்டும் நம்பி முடிவுக்கு வரக் கூடாது. ராணுவ லூகர்களில் ஒவ்வோர் ஆண்டும் எண் ஒன்றிலிருந்து தொடங்கும். பத்தாயிரம் முடிந்ததும் 'ஏ', அடுத்து 'பி' என எழுத்து சேரும். ஆகவே ஆலை, ஆண்டு, எண், எழுத்து நான்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சிறு பாகங்களில் அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும். ஒரு பாகத்தில் வேறு இலக்கம் தெரிந்தால், அது பின்னால் மாற்றப்பட்டது.

இத்தனை செய்தியும் முடியளவு ஆழமுள்ள பள்ளங்களில்தான் நிற்கிறது. துடைக்க எண்ணெய் நனைத்த துணி போதும். பளபளப்புக்கு ஆசைப்பட்டு உப்புத்தாள் போட்டால், ஒப்பந்தத்துக்கு அஞ்சி ஓர் ஆலை தன் பெயரை மறைத்ததற்கான சாட்சி தூளாகிவிடும்.