மணிச்சத்தைக் காட்டும் நீலம்

அமிலம் கலந்த அம்மோனியம் மாலிப்டேட்டுக் கரைசலுக்கு நிறம் கிடையாது. பாஸ்பேட் சேர்ந்ததும் இளமஞ்சளாகிறது. ஒரு பாஸ்பேட்டைச் சுற்றி 12 மாலிப்டினம் அணுக்கள் ஆக்சிஜன் வழியே பிணைந்து கூண்டு கட்டுவதால் வரும் மஞ்சள் அது. அஸ்கார்பிக் அமிலமோ ஸ்டேனஸ் குளோரைடோ விட்டால் கூண்டு சில எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு அடர்நீலமாகிறது. இதுவே மாலிப்டினம் நீலம்.

வந்த எலக்ட்ரான் எந்த அணுவுக்கும் நிலையாகச் சொந்தமாவதில்லை. +5 நிலை மாலிப்டினத்திலிருந்து பக்கத்து +6 மாலிப்டினத்துக்குத் தாவும்போது சிவப்பொளியும் அதை அடுத்த அகச்சிவப்பும் உறிஞ்சப்படுகின்றன. எஞ்சிய நீலம் கண்ணுக்கு வருகிறது. 1962இல் மர்ஃபியும் ரைலியும் வகுத்த முறையில் அளவீடு 880 நானோமீட்டரை ஒட்டி நடக்கிறது. கருவி அளப்பது கண்ணுக்கே எட்டாத ஒளியை!

பாஸ்பேட் இல்லாமலும் மாலிப்டேட்டு நீலமாகும். வேதியியலாளர்கள் ஷீலே, பெர்சீலியஸ் காலத்திலிருந்து தெரிந்த அந்த நீலத்தின் அமைப்பு 1995 வரை பிடிபடவில்லை. ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் ஆக்கிம் மியூலர் குழு அதன் படிகத்தை ஆராய்ந்தபோது, 154 மாலிப்டினம் அணுக்கள் கொண்ட சக்கரம் தென்பட்டது.

ஆனால் பாஸ்பேட் தரும் நீலத்தின் பெருமை உயிர்வேதியியலில்தான். 1925இல் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கும், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுப் போன எல்லாப்பிரகட சுப்பாராவும் இதைக்கொண்டு பாஸ்பரசை அளக்கும் முறையை வெளியிட்டார்கள். தசைச் சாற்றில் மட்டும் நீலம் உடனே முழுதாக வரவில்லை. நேரம் ஆக ஆக மெல்ல ஏறியது. சோதனைப் பிழை என்று ஒதுக்கிவிடக்கூடிய தாமதம். அவர்கள் ஒதுக்கவில்லை. தசையில் பாஸ்பேட்டைப் பிடித்துவைத்திருந்த ஒரு சேர்மம் அமில மாலிப்டேட்டில் சிறிது சிறிதாக உடைந்து, பாஸ்பேட்டை விட்டுக்கொண்டிருந்தது. பாஸ்போகிரியேட்டின் என்ற அச்சேர்மத்தை 1927இல் அறிவித்தார்கள். நீலத்தை அன்றாடம் அளப்பவர்களிலேயே பலருக்குச் சுப்பாராவின் பெயர் தெரியாமலிருப்பது வருந்தத்தக்கது.

மண் பரிசோதனை நிலையங்களில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) இன்றும் இந்த நீலத்தின் அடர்த்தியைக் கொண்டே கணிக்கப்படுகிறது. ஆனால் சிலிக்காவும் ஆர்சனிக்கும் இதேபோன்ற நீலம் தரக்கூடியவை. சிலிக்காவை அமில அளவைக் கூட்டி அடக்கலாம். ஆர்சனேட்டை முன்கூட்டியே ஆர்சனைட்டாக ஒடுக்கிவிட வேண்டும். அற்பமாகத் தோன்றும் பகை இன்னொன்று, சலவைத்தூள். அதில் பாஸ்பேட் இருந்தால், குடுவைச் சுவரில் ஒட்டிய மிச்சமே நிலத்தில் இல்லாத மணிச்சத்தைக் காட்டிவிடும். விவசாயி போட வேண்டிய உரத்தைக் குறைத்துவிடுவார். அதனால்தான் குடுவைகளை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் அலசச் சொல்கிறார்கள்.